லாஹிரி வீட்டுக் காரின் கதவு

முனேஷ்வர் மஹதோ போன மாதம் ஆரா ஜில்லாவில், தன் கிராமத்தில் இறந்துபோனார். மருமகன் கார்டு போட்டிருந்தான். இந்தியில் நாலே வரி. மாமா போய்விட்டார், கல்கத்தாவில் தீதிக்குச் சொல்லும்படி சொல்லியிருந்தார், என்று. அந்தத் தீதி, அதாவது அக்கா, நான்தான், கோமளா. பதிமூன்று வருஷமாக அவரைப் பார்க்கவில்லை. கார்டைப் படித்ததிலிருந்து எனக்கு யார் பேரிலோ எரிச்சல். யார் பேரில் என்று உட்கார்ந்து யோசித்தால், எல்லாம் லாஹிரி வீட்டு ஆட்கள் பேரில்தான்.

லாஹிரி சாஹேப் இறந்தபோது பேப்பரில் படத்தோடு போட்டார்கள். பெரிய பாரிஸ்டர், நியாயம்தான். அவருடைய மகனைப் பற்றிக்கூட ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் இரண்டு பக்கம் வந்தது. செல்வத்தில் பிறந்தும் ஏழைகளுக்காகக் கொதித்த இளைஞர் என்று. கொதித்தாராம்! அந்த இரண்டு பக்கத்தில் ராஜ்பலி என்ற பெயர் எங்கேயும் இல்லை. முனேஷ்வரின் பெயரும் இல்லை. ஒரு கார் டிரைவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முனேஷ்வர் பாலிகஞ்சில் லாஹிரி வீட்டுக்கு வந்தது ஐம்பத்தொன்றில். முதலில் கார் கழுவ வந்தார். இரண்டு வருஷத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். நான் ஐம்பத்தெட்டில் சாஹேபுக்கு ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். லேக் மார்க்கெட்டில் எங்கள் வீடு. காலையில் சாஹேபோடு ஹைகோர்ட்டுக்குப் போவேன், மாலையில் முனேஷ்வர் என்னை வீட்டில் இறக்கிவிடுவார். எனக்கு முன் சீட்டு. என் கதவை நானே திறந்துகொள்வேன். ஸ்டெனோவுக்கு யார் கதவு திறப்பார்கள்?

பின் சீட்டுக்காரர்களுக்கு அவர் கதவு திறப்பதில் ஒரு முறை உண்டு. இடது கை கைப்பிடியில் இருக்கும். வலது உள்ளங்கையை விரித்து, கதவுக்கு மேலே தகரத்தின் விளிம்பில் வைப்பார். ஏறுகிறவர் தலை தகரத்தில் இடிக்காமல் அந்தக் கையில் படும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த வீட்டுப் பையன் மூன்று வயதில் ஏறும்போது ஒரு தடவை நெற்றியில் இடித்துக்கொண்டு அழுதானாம். அன்றையிலிருந்து அந்தக் கை தானாக அங்கே போய்விட்டது. பையன் ஆறடி வளர்ந்த பிறகும் அதே கைதான். அந்த வீட்டில் யாருக்கும் காரில் ஏறும்போது குனிய வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஷுப்ரஜித் என்று பெயர். எல்லாருக்கும் அவன் கோகா. வங்காளிகள் பையனைக் கோகா என்று கூப்பிட ஆரம்பித்தால் அவன் தாத்தாவானாலும் கோகாதான். முனேஷ்வருக்குக் கோகாபாபு. ஒரே பிள்ளை. அவன் அம்மா நிலிமா நல்ல மனுஷி, மிருதுவாகப் பேசுவாள். ஆனால் அந்த வீட்டில் யாரும் அவனிடம் "பொறு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டது வரும். கேட்பதற்கு முன்னாலேயே வரும். சைக்கிள், கிராமபோன், டார்ஜிலிங் குதிரைச் சவாரி எல்லாம் அப்படி வந்தவைதான்.

வருஷத்துக்கு ஒரு நாள் கார் ஷெட் முனேஷ்வருடையது. விஸ்வகர்மா பூஜை. கல்கத்தாவில் அன்றைக்கு எந்த டிரைவரும் வண்டி எடுக்க மாட்டான். வண்டியைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, அக்கம்பக்கத்து டிரைவர்களெல்லாம் கூடிச் சாப்பிடுவார்கள். மேலே வானம் முழுக்கப் பட்டம். அன்றைக்குத் தவறாமல் வருகிற விருந்தாளி ராஜ்பலி. அவர் எங்கள் வழியில் நாற்சந்தியில் நிற்கிற டிராஃபிக் கான்ஸ்டபிள். வெள்ளை உடுப்பு, இடுப்புப் பட்டையில் செருகிய குடை, கடா மீசை. முனேஷ்வரின் ஊருக்கு நாலு கல் தொலைவில் அவர் ஊர். தினமும் சந்தியில் கார் நிற்கும்போது இருவரும் ஒரு சிட்டிகை புகையிலை மாற்றிக்கொள்வார்கள்.

"என்ன முனேஷ்வர், உன் சாஹேப் இன்னைக்கு யாரைத் தூக்குல போடப் போறாரு?"

"அவரு தூக்குலேருந்து எறக்கறவரு. உன்னை மாதிரி ஆளுங்கதான் ஏத்தறது."

பின்னால் சாஹேப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கோகா சிரிப்பான். சின்ன வயதில் அவன் ராஜ்பலியின் மடியில் உட்கார்ந்து பூந்தி தின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அறுபத்தெட்டில் கோகா காலேஜில் சேர்ந்தான். நகரத்துச் சுவரெல்லாம் புரட்சிப் பையன்கள் கரியால் கோஷம் எழுதிக்கொண்டிருந்த காலம். முதலில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வாதம். சாஹேபுக்கு உள்ளூரப் பெருமை. "இந்த வயசுல ரத்தம் சூடாகலேன்னா டாக்டரைக் கூப்பிடணும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். வந்தவர்களும் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு சூடான ரத்தம் இருந்தது.

ஒரு நாள் காலையில் போர்ட்டிகோவில் கார் நிற்கிறது. முனேஷ்வர் கதவைத் திறக்கப் போனார். கோகா தடுத்தான். முனேஷ்வரை அவன் காகா, சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவான்.

"காகா, இனிமே எனக்குக் கதவு திறக்காதீங்க. நீங்களும் மனுஷன், நானும் மனுஷன். எனக்கு அவமானமா இருக்கு."

"எனக்கு ஒண்ணும் அவமானமா இல்லியே, கோகாபாபு."

"அதுதான் பிரச்சினையே! இருநூறு வருஷமா உங்க கையை அப்படிப் பழக்கிட்டாங்க."

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது."

நான் முன் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டேன். கோகா கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே கால் மணி நேரம் பேசினான். நிலப்பிரபு, கூலி, மனித மதிப்பு என்று எல்லாம் வந்தது. ஆனால் பேசி முடித்தும் அவன் கை கைப்பிடிக்குப் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் முனேஷ்வர்தான் திறந்தார். தலைக்கு மேல் உள்ளங்கை. கோகா ஏறிக்கொண்டான். இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. அதற்கப்புறமும் சொன்னது சொன்னபடி, நின்றது நின்றபடி என்றே நடந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் முனேஷ்வரிடம், உனக்கு எத்தனை பிள்ளை, ஊரில் எத்தனை நிலம் என்று கேட்ட ஒரே ஆள் கோகா. பத்து வருஷத்தில் நான்கூடக் கேட்டதில்லை. கோகா கேட்டான், நோட்டில் எழுதிக்கொண்டான். முனேஷ்வர் பூரித்துப்போனார். "தீதி, இந்தப் பிள்ளை வேற மாதிரி" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ராஜ்பலியைப் பற்றியும் கேட்டான். எத்தனை மணிக்கு வேலை ஏறுவார், எங்கே டீ குடிப்பார், புகையிலை போட எங்கே ஒதுங்குவார் என்று. பத்து இருபதுக்கு, தள்ளுவண்டிகள் நிற்கிற சுவருக்குப் பின்னால், என்று முனேஷ்வர் சொன்னார். சிநேகிதனைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டால் யார்தான் சொல்ல மாட்டார்கள்?

அப்புறம் கோகா ஒரு மாதம் கிராமத்துக்குப் போய் விவசாயிகளோடு இருந்தான். மஞ்சள் காமாலையோடு திரும்பினான். குளுக்கோஸ், வேகவைத்த தண்ணீர், கோழிக்குஞ்சு சூப் எல்லாம் ஏற்பாடு ஆயின. குடும்ப டாக்டர் இரண்டு வேளை வந்தார். படுக்கையில் சாய்ந்துகொண்டு, இன்னும் இரண்டே வருஷத்தில் நாடு தலைகீழாகும் என்று என்னிடம் சொன்னான்.

"ரெண்டு வருஷமா? அப்படி யார் சொன்னா?" என்றேன்.

"ஏன் ஆகாது, கோமளாதி?"

அவன் குரலில் கோபமில்லை. உண்மையாகவே புரியவில்லை. ஏன் ஆகாது என்று அவனுக்கு யாரும் எதிலும் சொன்னதில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அப்படிப் போய்விடவில்லை, எனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு ஒழுங்காகத்தான் உருப்படாமல் போனான். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள், அவர்களுக்காவது வயிறு எரிந்தது. கோகாவுக்கு எரிந்தது என்ன என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. வெட்கம் என்று நினைக்கிறேன். தனக்கு எல்லாம் இருக்கிறதே என்ற வெட்கம். அது நல்ல குணம்தான். ஆனால் வெட்கப்படுகிறவனுக்கு அதைக் கழுவிக்கொள்ள அவசரம், அடுத்தவன் ரத்தத்தில் கழுவினாலும் சரி என்கிற அவசரம்.

எழுபதாம் வருஷம் நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ராஜ்பலியைக் குத்திக் கொன்றார்கள். பத்து இருபதுக்கு, அந்தச் சுவருக்குப் பின்னால். மூன்று பையன்கள். உள்ளங்கையில் புகையிலை தேய்த்துக்கொண்டிருந்தாராம். அரை மணி கழித்து எங்கள் கார் அந்தச் சந்திக்கு வந்தது. கூட்டம். தரையில் ஒரு குடை மட்டும் விரிந்து கிடந்தது. முனேஷ்வர் இறங்கிப் போனார், திரும்பி வந்தார், சாஹேபை ஹைகோர்ட்டில் விட்டார். அன்று மாலை கோகா வீட்டுக்கு வரவில்லை.

என்னை லேக் மார்க்கெட்டில் இறக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"பத்து இருபதுன்னு ரெண்டு பேருக்குத்தான் தெரியும் தீதி. எனக்கும் கோகாபாபுவுக்கும்."

"முனேஷ்வர், அப்படியெல்லாம் நினைக்காதீங்க. டீக்கடைக்காரனுக்குத் தெரியும், தினம் போறவன் வர்றவனுக்குத் தெரியும்."

"நானேதான் தீதி சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்."

ஒரு வாரத்தில் பிடிபட்ட ஒருவன் கோகாவின் பெயரைச் சொல்லிவிட்டான். போலீஸ் வீட்டுக்கு வந்தது. நிலிமா பிள்ளையின் போட்டோக்களையெல்லாம் ஏற்கெனவே எரித்திருந்தாள். கோகாவை முகம் தெரிந்து அடையாளம் காட்டக்கூடிய போலீஸ்காரர் ஒருவர்தான் இருந்தார். அவர் செத்துப்போய்விட்டார்.

எழுபத்தொன்று ஜனவரியில் நிலிமா என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். முனேஷ்வரும் வாசற்படியோரம் நின்றார். கோகாவிடமிருந்து ஆள் வந்திருக்கிறது, அவன் களைத்துவிட்டான், வந்துவிடத் தயார். கரியாஹாட் மார்க்கெட்டில் நாளைப் பகலில் மீன் கூலி வேஷத்தில் நிற்பான். அவனைக் காரில் ஏற்றி தன்பாத்வரை கொண்டுபோய் தில்லி ரயிலில் ஏற்ற வேண்டும். அங்கே மாமா பார்த்துக்கொள்வார். வெறும் கார் நின்றால் சந்தேகம். அதனால் நான் நிலிமாவின் சால்வையைப் போர்த்துக்கொண்டு எஜமானி மாதிரிப் பின் சீட்டில் போக வேண்டும். மீன் வாங்க வேண்டும். கூலி கூடையைத் தூக்கி வந்து டிக்கியில் வைத்துவிட்டு, வீட்டில் இறக்கிக்கொடுக்க வருகிறவன்போல முன் சீட்டில் ஏறிக்கொள்வான்.

"உன்னை விட்டா அவன் யாரையும் நம்ப மாட்டான் முனேஷ்வர்" என்று நிலிமா அழுதாள். "நீ தூக்கி வளர்த்த பிள்ளை."

"சரிம்மா" என்றார் முனேஷ்வர். அவ்வளவுதான்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாய் அழுதாள், எனக்கு அங்கே பதின்மூன்று வருஷத்து உப்பு, ஏதோ ஒன்று. கீழே வந்ததும் முனேஷ்வரைக் கேட்டேன்.

"நிஜமாவே கூட்டிட்டுப் போகப்போறீங்களா?"

"தெரியல தீதி. ரெண்டு மாசமா தூக்கமில்ல. புடிச்சுக் குடுத்தா பெத்த பிள்ளையக் குடுத்த மாதிரி. தப்பிக்க விட்டா ராஜ்பலியை நானும் சேர்ந்து குத்தின மாதிரி. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

நான் படித்தது சுருக்கெழுத்து.

மறுநாள் மார்க்கெட் வாசலில், வழக்கமில்லாத வழக்கமாக, அவர் எனக்குக் கதவு திறந்தார். அந்தக் கை என் தலைக்கு மேலே வந்தது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று. அதே சமயம் சுகமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மீன் பெயர் தவிர வேறொன்றும் தெரியாத நான் ஒரு பெரிய கட்லாவைக் காட்டினேன். கூடையைத் தூக்க ஒரு கூலி வந்தான். லுங்கி, தோளில் துண்டு, தாடி, காலில் சேறு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணைப் பார்த்த பிறகுதான் கோகா என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனைக்கும் கொலைகாரன்.

நான் காருக்குத் திரும்பிப் பின் சீட்டில் வலப்பக்கமாக உட்கார்ந்தேன். முனேஷ்வர் ஸ்டியரிங்கில் இருந்தார்.

"தீதி, வாழைப்பழக் கடைக்கிட்ட ரெண்டு பேர். காலைப் பாருங்க. போலீஸ் பூட்ஸ்."

"ஐயோ. என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அவங்ககிட்ட படம் கிடையாது. கூலி முன்னால ஏறினா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

டிக்கியில் கூடை வைக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்டது. கோகா இடப்பக்கமாக நடந்து வந்தான். பின் கதவைத் தாண்டி முன் கதவுக்குப் போக வேண்டியவன், பின் கதவுக்கு நேரே நின்றுவிட்டான். இருபது வருஷமாக அவன் ஏறுகிற கதவு. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். கைப்பிடி அவன் இடுப்புக்கு நேரே இருந்தது. இரண்டு மாதம் பொரியைத் தின்று, தரையில் படுத்து, பேர் மாற்றி, நடை மாற்றி வாழ்ந்தவன், அங்கே வந்து கதவு திறப்பதற்காகக் காத்து நின்றான்.

முனேஷ்வரைப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாகக் கோகாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். அப்புறம் இறங்கினார், காரைச் சுற்றி வந்தார், இடது கையால் கதவைத் திறந்தார், வலது உள்ளங்கையை மேலே விளிம்பில் வைத்தார். கோகா தலை குனியாமல் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். மீன் வாடை.

வாழைப்பழக் கடையோரம் நின்ற இருவரும் வந்துவிட்டார்கள்.

"கூலிக்காரனுக்குக் கதவு திறந்துவிடற டிரைவரை இன்னைக்குத்தான்யா பாக்கறேன்" என்றார் ஒருவர். "தம்பி, இறங்கு. அந்தக் கையைக் காட்டு பாப்போம். எந்த மார்க்கெட்ல மூட்டை தூக்கற?"

கோகா ஓடவில்லை. இறங்கினான். முனேஷ்வரை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான்.

என்னையும் முனேஷ்வரையும் சாயங்காலத்துக்குள் சாஹேப் வெளியே கொண்டுவந்துவிட்டார். வீட்டில் யாரும் முனேஷ்வரைக் கடிந்துகொள்ளவில்லை. "பாவம், பழக்கம். கை தானாப் போயிருக்கும்" என்றார் சாஹேப். நிலிமாவோ, "எம் பிள்ளை மேல அவ்வளவு மரியாதை அவனுக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டு நின்ற முனேஷ்வரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து, வீட்டுக்குப் போகிற வழியில் நான் கேட்டேன்.

"பத்து எண்ணற நேரம் உக்காந்திருந்தீங்க, முனேஷ்வர். நான் பாத்தேன்."

காரை ஓரமாக நிறுத்தினார்.

"ஆமா தீதி. அவன் நடந்து வர்றப்போ மனசுக்குள்ள ஒரு முடிவு பண்ணேன். அவனே கதவைத் திறந்துக்கிட்டான்னா கூட்டிட்டுப் போயிடறது. தன்பாத் என்ன, தில்லி வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போவேன். எனக்குக் கதவு திறக்காதேன்னு சொன்னவன்தானே? அது நெசம்னா, அவன் பண்ணினதும் ஏதோ ஒரு நெசத்துக்காகப் பண்ணினான்னு வச்சுக்குவேன். ராஜ்பலிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன்."

"அவன் நின்னுட்டான்."

"நின்னான். கண்ணாடியில என்னைப் பாத்தான். 'ஏன் லேட்டு'ன்னு ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு நானும் ஒண்ணுதான், ராஜ்பலியும் ஒண்ணுதான்னு தோணிச்சு தீதி. இருக்கற வேலைக்கு இருக்கற ஆளு. அதான் எறங்கினேன். கை தானாப் போகல. நான்தான் வச்சேன்." காரை மறுபடி கிளப்பிக்கொண்டே கேட்டார். "தப்பா தீதி?"

"தெரியல" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கோகாவுக்கு ஜெயிலில் தனி அறை கிடைத்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. எட்டு மாதம், தினமும், நாலடுக்குக் கேரியரை எடுத்துக்கொண்டு போனவர் முனேஷ்வர்தான். சாட்சி சொன்ன டீக்கடைக்காரன் தான் பார்க்கவே இல்லை என்று மாற்றிச் சொன்னான். மூன்று பேரில் ஒருவன் ஜாதவ்பூர் அகதிக் காலனித் தையல்காரர் மகன் நந்து. கோகா பிடிபட்ட பதினெட்டாம் நாள் அவன் வாய்க்கால் ஓரத்தில் சுடப்பட்டுக் கிடந்தான். யார் அவன் பெயரைச் சொன்னது, யார் சுட்டது என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை. நான் தட்டச்சு செய்த காகிதங்களிலாவது இல்லை. அவனுக்கு லண்டனில் சித்தப்பா கிடையாது. கோகாவுக்கு இருந்தார். செப்டம்பரில், இனி அரசியலில் தலையிட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை வெளியே விட்டார்கள். நேரே விமானம்.

அந்த நாள் விஸ்வகர்மா பூஜை. சாஹேப் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முனேஷ்வர் விடியும்போதே காரைக் கழுவி மாலை போட்டு வைத்திருந்தார். இருபது வருஷத்தில் அந்த நாளில் அவர் வண்டி எடுத்தது அன்றைக்குத்தான். பாஸ்போர்ட் காகிதங்களோடு நான் முன்னால். பின்னால் சாஹேபும் கோகாவும். நிலிமா வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டதால் வரவில்லை. போர்ட்டிகோவில் முனேஷ்வர் இருவருக்கும் கதவு திறந்தார், கை வைத்தார், எல்லாம் எப்போதும்போல.

வானமெல்லாம் பட்டம். டம்டம் போகிற சாலையோரம் சாக்கடைக் குழாய்களுக்குள் அகதிக் குடும்பங்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு முன்னால், ராஜ்பலி நின்ற அந்தச் சந்தியைத் தாண்டும்போது நடந்தது இது. புதுக் கான்ஸ்டபிள் கை காட்டினான். கார் நின்றது. முனேஷ்வர் திரும்பாமலே பேசினார்.

"கோகாபாபு, ஒண்ணு கேக்கலாமா? கல்கத்தாவுல ஆயிரம் போலீஸ். ராஜ்பலி எதுக்கு?"

சாஹேப், "முனேஷ்வர்!" என்றார்.

கோகா சந்தியைப் பார்த்தான். நிஜத்தைத்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"இயக்கத்துல ஒரு போலீஸ்காரன் பேர் சொல்லுன்னு கேட்டாங்க காகா. ஆளாளுக்கு ஒரு பேர் சொன்னாங்க. எனக்கு அந்த ஒரு பேர்தான் தெரியும்."

"உங்களுக்குப் பூந்தி ஊட்டுவான்."

"அது... அதை நான் நினைக்கல. உடுப்பைத்தான் நினைச்சேன்."

"போதும் கோகா. அவனை வண்டி ஓட்ட விடு" என்றார் சாஹேப்.

விமான நிலையத்தில் கார் நின்றது. முனேஷ்வர் எஞ்சினை அணைத்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அப்பனும் பிள்ளையும் ஆளுக்கொரு கதவைப் பார்த்துக்கொண்டு, கை மடியில் இருக்க, காத்திருந்தார்கள். எனக்கே தாங்கவில்லை. என் கதவைத் திறந்துகொண்டு இறங்கப்போனேன், சுற்றி வந்து திறந்துவிடலாம் என்று.

"தீதி, உக்காருங்க" என்றார் முனேஷ்வர். "அவங்க திறந்துக்கட்டும்."

சாஹேபின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோகா கைப்பிடியைப் பிடித்துத் தப்பான பக்கம் திருகினான். இன்னொரு தடவை திருகினான். மூன்றாவது தடவை கதவு திறந்தது. எப்போதும்போல நிமிர்ந்த தலையோடு எழுந்தான். தகரத்தின் விளிம்பில் நெற்றி இடித்தது. காருக்குள் எங்களுக்கெல்லாம் கேட்கும்படி ஒரு சத்தம்.

நெற்றியைப் பிடித்துக்கொண்டு பாதி வெளியே, பாதி உள்ளே நின்றான். அவன் முனேஷ்வரைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. மூன்று வயதுக் குழந்தையின் திகைப்புத்தான் இருந்தது. முனேஷ்வரின் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து எழுந்து, அந்தரத்தில் விரிந்து, மறுபடி கீழே இறங்கியது.

"அடி பட்டுதா, கோகாபாபு?"

"இல்ல காகா."

அவ்வளவுதான் பேச்சு. அப்பனும் பிள்ளையும் பெட்டியோடு உள்ளே போனார்கள். கோகா வாசலில் ஒரு தடவை திரும்பினான். முனேஷ்வர் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நான் அவர் முதுகில் கை வைத்தேன்.

"யாருக்காக அழறீங்க முனேஷ்வர்?"

"விடுங்க தீதி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பானெட்டிலிருந்து செவ்வந்தி மாலையைக் கழற்றி என் மடியில் வைத்தார். சாஹேபைக் கொண்டுவந்து வீட்டில் விட்டதும், கார் சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் தன் பெட்டியை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஊரோடு போகும்வரை கல்கத்தாவில் அவர் ஓட்டியது யாரோ ஒருவரின் டாக்ஸி.

அந்த மாலையை லேக் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ராஜ்பலி செத்த சந்திச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.